பதினான்காம் எண் பூட்டு

சிக்வார்ட் அல்ம்லோவ் நாற்பத்தோரு வருஷம் நீதிபதியாக இருந்தவர். உமேயோ மாவட்ட நீதிமன்றத்தில் தொடங்கி, மேல்முறையீட்டு நீதிமன்றம் வழியாக ஸ்டாக்ஹோமில் உச்ச நீதிமன்றம் வரை ஏறியவர். அத்தனை வருஷத்தில் ஒரு வழக்கிலிருந்துகூட அவர் விலக நேர்ந்ததில்லை. மற்ற நீதிபதிகளுக்கு எங்காவது ஒரு மைத்துனன் கம்பெனி நடத்திக்கொண்டிருப்பான், அல்லது கூடப் படித்தவன் வக்கீலாக வந்து நிற்பான். எனக்கு இதில் சம்பந்தம் உண்டு என்று சொல்லிவிட்டு அவர்கள் எழுந்து போய்விடுவார்கள். சிக்வார்டுக்கு மைத்துனனும் இல்லை, கம்பெனிப் பங்கும் இல்லை, சொல்லிக்கொள்ளும்படி நண்பர்களும் இல்லை. அவர் ஓய்வுபெற்ற அன்று தலைமை நீதிபதி, "சிக்வார்டுக்கு இந்த உலகத்தில் எதோடும் சம்பந்தம் கிடையாது" என்று பாராட்டிப் பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். அவர் மனைவி எல்சி மட்டும் தட்டவில்லை.

அதன்பின் அவர் நடுவரானார். எரிவாயுக் குழாய் பதித்தவர்களும் கப்பல் கட்டியவர்களும் சண்டை வந்தால் கோர்ட்டுக்குப் போகாமல் அவரிடம் வந்தார்கள். ஒவ்வொரு முறையும் அவர் முதலில் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடுவார்: இந்த விவகாரத்தில் எனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை, பின்னால் ஏதாவது தெரியவந்தால் உடனே சொல்வேன். அந்தக் கையெழுத்தைப் போடும்போது நல்ல காபியின் முதல் வாய் போல அவருக்கு உள்ளுக்குள் ஒரு சுகம் பரவும்.

வீட்டில் எல்சி வேறொரு பதவியும் கொடுத்திருந்தாள். இனிமேல் துணி துவைப்பது நீதான் என்று ஓய்வுபெற்ற மறுநாளே சொல்லிவிட்டாள்.

அவர்கள் இருந்தது ஸ்டாக்ஹோமின் கிரெண்டால் பகுதியில் ஒரு நான்கு மாடிக் கட்டடம். இருபத்திரண்டு வீட்டுக்கும் நிலவறையில் ஒரே சலவை அறை. கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை. ஒவ்வொரு வீட்டுக்கும் எண் போட்ட ஒரு சின்னப் பூட்டு. எந்த நேரம் வேண்டுமோ அந்த நேரத்துக்குரிய துளையில் பூட்டைச் செருகிவிட்டால் அந்த நேரம் அந்த வீட்டுக்கு. சிக்வார்டின் பூட்டு பதினான்கு. ராஜா வந்தாலும் அந்தப் பலகையை மீற முடியாது. மீறினால் குன்வோர் சீட்டு எழுதி ஒட்டிவிடுவார்.

குன்வோர் டோர்ன்க்விஸ்ட் முப்பத்தைந்து வருஷம் மருந்துக்கடையில் வேலை பார்த்தவர். இன்னமும் மாத்திரை உறையில் எழுதுவதுபோலத்தான் எழுதுவார்: ஒரு நாளைக்கு ஒரு முறை, உபயோகித்த பின், பஞ்சு வடிகட்டியைச் சுத்தம் செய்யவும். நேரம் முடிந்தும் உலர்த்தும் அலமாரியில் கிடக்கும் துணிகளை அவர் பையில் போட்டு சைக்கிள் ஸ்டாண்டில் தொங்கவிடுவது உண்டு. இரண்டாம் மாடி டோர்கெல்லின் கால்சட்டை இரண்டு தடவை அப்படித் தொங்கியிருக்கிறது. டோர்கெல் டிராம் ஓட்டுகிறவன். டிராமைச் சரியான நேரத்துக்கு ஓட்டுவதிலேயே அவனுடைய நேரம் தவறாமை முழுவதும் தீர்ந்துவிடும். ஆனாலும் அவனுக்கும் குன்வோருக்கும் நல்ல ஒட்டுதல். நான்கு மாதக் குழந்தை லோவிசாவுக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம்; குன்வோர்தான் ஞானத்தாய். டோர்கெல் குடும்பத்தில் நான்கு தலைமுறையாகப் போடும் வெள்ளை அங்கியின் கீழ் ஓரத்தில், பழைய பெயர்களுக்குப் பக்கத்தில், லோவிசாவின் பெயரைத் தைத்ததும் அவரே.

அந்த அங்கிதான் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் காணாமல் போனது.

டோர்கெல் அதைக் கையால் அலசி உலர்த்தும் அலமாரியில் மாட்டிவிட்டு, குழந்தை அழுகிறது என்று மேலே போனான். அவன் நேரம் ஏழு மணியோடு முடிந்தது. ஏழே காலுக்குத் திரும்பி வந்தபோது குன்வோர் தன் துணிகளை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தார், அங்கி இல்லை. சைக்கிள் ஸ்டாண்டிலும் இல்லை. தான் வந்தபோதே அலமாரி காலி என்றார் குன்வோர். டோர்கெல் நம்பவில்லை. எனக்குப் பாடம் கற்றுத்தர எதையோ செய்துவிட்டாய், இப்போது சொல்லப் பயப்படுகிறாய் என்றான். வார்த்தை தடித்தது. புதன்கிழமை காலை சலவை அறைக் கதவில் அவன் கையெழுத்தில் ஒரு சீட்டு இருந்தது: திருடியவளுக்கு என் மகளின் ஞானஸ்நானத்தில் இடமில்லை.

குன்வோர் அந்தச் சீட்டுக்குக் கீழே பதில் எதுவும் ஒட்டவில்லை. கட்டடம் முழுக்கக் கவலைப்பட்டது அதைப் பார்த்துத்தான்.

குடியிருப்போர் சங்கத்தில் யாரோ ஒருவருக்கு, மூன்றாம் மாடியில் சும்மா இருக்கிற உச்ச நீதிமன்றத்தின் ஞாபகம் வந்தது. இரண்டு பேரும் சம்மதித்தார்கள். சிக்வார்ட் பொறுப்பை முறைப்படி ஏற்றுக்கொண்டார். புகார் எழுத்தில் வேண்டும், மறுப்பும் எழுத்தில் வேண்டும் என்றார். டோர்கெல் டிராம் கால அட்டவணையின் பின்பக்கத்தில் எழுதித் தந்தான். சான்றாவணம் எண் ஒன்று, பூட்டுப் பலகையின் புகைப்படம். அதில் செவ்வாய்க்கிழமை ஒன்று முதல் நான்கு வரை பதினான்காம் எண், நான்கு முதல் ஏழு வரை டோர்கெல், அதன்பின் குன்வோர் என்று தெளிவாக இருந்தது. சிக்வார்ட் பூதக்கண்ணாடி வைத்து அதை மூன்று தடவை படித்தார். பிறகு, எனக்கு இந்த விவகாரத்தில் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று எழுதி, அந்தச் சுகத்தோடு கையெழுத்திட்டார்.

விசாரணை வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, அவருடைய சாப்பாட்டு மேஜையில். எல்சி அந்த வாரம் முழுக்க வடக்கே ஷெலெஃப்டெயோ ஊரில், இடுப்பு எலும்பு முறிந்த தன் அக்காவோடு இருந்தாள். அதனால் மேஜையை அலங்கரித்ததும் சிக்வார்ட்தான். செவ்வாய்க்கிழமை சலவையில் கிடைத்த நீண்ட வெள்ளைத் துணி ஒன்றை விரித்தார். ஒரு முனையில் லேஸ் வைத்தது. சலவை அறையின் உருளை இயந்திரத்தில் இரண்டு தடவை அழுத்தி ஓட்டியதில் காகிதம் போலத் தட்டையாகியிருந்தது. எல்சியிடம் இப்படியொன்று இருப்பதே இதுவரை தெரியாமல் போயிற்றே என்று வியந்துகொண்டார். அதன் இன்னொரு முனையில் கை நுழைகிற அளவில் இரண்டு சின்னப் பைகள் தொங்கின. அவை எதற்கு என்று கொஞ்ச நேரம் யோசித்தார். நீதிபதிக்கு எதற்கும் விளக்கம் கிடைத்துவிடும். ஒவ்வொரு பையிலும் இரண்டு ஸ்பூன் செருகி வைத்தார், கச்சிதமாகப் பொருந்தியது.

டோர்கெல் கண்ணைத் திறக்க முடியாமல் வந்து நடுவில் உட்கார்ந்தான். குழந்தைக்குப் பல் முளைக்கிறதாம். குன்வோர் பைகள் தொங்கிய முனையில் உட்கார்ந்தார். சிக்வார்ட் லேஸ் முனையில் உட்கார்ந்து, இறைவனிடம் நேர்மையான மனம் வேண்டி ஒரு நிமிஷம் மௌனமாக இருந்தார். எல்லா விசாரணைக்கும் முன்னால் அது அவர் வழக்கம். பிறகு காபி ஊற்றி, ஏலக்காய் பன் தட்டை நகர்த்திவைத்து, வழக்கைத் தொடங்கினார்.

டோர்கெல் தன் பக்கத்தைச் சொன்னான். சொல்லும்போதே இரண்டு தடவை கொட்டாவி விட்டான். குன்வோரை என்ன சொல்கிறாய் என்று கேட்டபோது, அவர் பதில் சொல்லும் முன் சர்க்கரைக்காக ஸ்பூனைத் தேடினார். பையிலிருந்து ஒன்றை உருவினார். உருவிய கை அப்படியே நின்றது.

அவர் அந்தப் பையைப் பார்த்தார். அதன் வாயில் இருந்த ரிப்பனைப் பார்த்தார். பார்வையை மேஜை நெடுகிலும் மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்து கடைசியில் சிக்வார்டின் கோப்பையில் நிறுத்தினார். என்ன அப்படிப் பார்க்கிறார் என்று சிக்வார்டும் கோப்பையைத் தூக்கிப் பார்த்தார்.

கோப்பை இருந்த இடத்தில் வெள்ளை நூலில் "டோர்கெல் 1986" என்று இருந்தது. பக்கத்தில் இன்னும் பளபளப்பு மாறாத நூலில் "லோவிசா".

சிக்வார்ட் கோப்பையைத் திரும்ப அதே இடத்தில் வைத்தார். வைத்த அவசரத்தில் கொஞ்சம் சிந்தியது. பன் தட்டை இழுத்து லோவிசாவின் மேல் வைத்தார். மூளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தது: நான்கு மணிக்கு முடிந்த சலவை, மறந்துபோய் ஆறரைக்கு ஓடி அலமாரியில் இருந்த வெள்ளையையெல்லாம் வாரிக்கொண்டு வந்தது, சான்றாவணம் எண் ஒன்றில் மூன்று தடவை படித்த பதினான்காம் எண். யாரும் அவரைக் கேட்கவில்லை. நீதிபதியை யார் கேட்பார்கள்? அவரும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

நாற்பத்தோரு வருஷம் என்று நினைத்தார்.

மேஜையின் அந்த முனையில் குன்வோர் ஒரு சத்தமும் இல்லாமல் ஸ்பூனைத் திரும்பப் பையில் செருகினார். தொங்கிக்கொண்டிருந்த இரண்டு கைகளையும், ஆமாம், கைகளைத்தான், டோர்கெல் கண்ணில் படாமல் மேஜைக்கு அடியில் மடித்துவிட்டார். பிறகு சர்க்கரை போடாத காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, மருந்துக்கடையில் வெட்கப்படுகிற நோயாளியிடம் பேசுவதுபோலத் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"சிக்வார்ட், உன் மேஜைத் துணியில காபி கொட்டிடுச்சு பாரு. போறப்ப நான் எடுத்துட்டுப் போறேன். அலசிக் குடுத்துடறேன். வழக்க நாளைக்கு வச்சுக்கலாம். அதுக்குள்ள அங்கியும் எங்கயாவது கெடச்சாலும் கெடைக்கும்."

சிக்வார்டுக்குப் புரிந்தது. கட்டடம் முழுக்கக் குன்வோரைத் திருடி என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது, அவர் இந்தக் கிழவனின் மானத்தைக் காப்பாற்றப் பார்க்கிறார். எதற்கும் சம்பந்தமில்லாத இந்தக் கிழவனை.

டோர்கெல் கண்ணைத் திறக்காமலே சொன்னான்: "குடுக்காத சிக்வார்ட். அவ கையில போன துணி திரும்பி வராது."

குன்வோரின் முகம் கொஞ்சம் சிவந்தது.

சிக்வார்ட் ஒரு கணம் மனதுக்குள் தீர்ப்பு எழுதிப் பார்த்தார். நாளைக்கு அங்கி கிடைக்கும். யார் கையிலிருந்து கிடைக்கும்? குன்வோர் கையிலிருந்து. அப்போது டோர்கெல் என்ன சொல்வான், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் குழந்தையை யார் ஏந்துவார்? ஒருத்தர் அன்புக்காகத் திருட்டுப் பழியை எடுத்துக்கொண்டு போகிறார், இன்னொருத்தர் மரியாதைக்காக அதைக் கொடுத்தனுப்புகிறார். இப்படியொரு தீர்ப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் எந்த முகத்தோடு ஜெபம் செய்வார்?

அவர் எழுந்து நின்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டியிருந்ததால் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எனக்கு இதுல சம்பந்தம் இருக்கு," என்றார்.

டோர்கெல் ஒரு கண்ணைத் திறந்தான். "என்ன சம்பந்தம்?"

சிக்வார்ட் பன் தட்டை எடுத்துத் தரையில் வைத்தார். காபிக் கோப்பையை எடுத்தார், காபிப் பாத்திரத்தை எடுத்தார், பால் குவளையை எடுத்தார். குன்வோர் பெருமூச்சு விட்டுக்கொண்டு இரண்டு கைகளையும் மேஜைமேல் எடுத்து விரித்தார். ஒரு கையிலிருந்து ஸ்பூன் ஒன்று நழுவி விழுந்தது.

டோர்கெல் தன் பெயரைப் படித்தான். தன் அப்பா பெயரைப் படித்தான். லோவிசாவுக்குப் பக்கத்தில் வட்டமாகப் பதிந்திருந்த காபிக் கறையைப் பார்த்தான். அதன்பின் ஸ்பூன்களைப் பார்த்தான்.

"எம் பொண்ணு சட்டைக் கையில," என்றான் மெதுவாக, "ஸ்பூன் வச்சிருக்க."

"நல்லாப் பொருந்திச்சு," என்றார் சிக்வார்ட். வேறு வாதம் அவரிடம் இல்லை.

டோர்கெல் சிரிக்கத் தொடங்கினான். மூன்று வாரத் தூக்கமின்மையும் சேர்ந்துகொண்டதால் நிறுத்த முடியவில்லை. நெற்றியை மேஜையில் வைத்துக்கொண்டு சிரித்தான். நிமிர்ந்தபோது கண் ஈரமாயிருந்தது. குன்வோர் பக்கம் திரும்பி, தான் எழுதிய சீட்டைப் பற்றி என்னவோ சொல்ல ஆரம்பித்தான், வாய் குழறியது.

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டும்," என்றார் குன்வோர். "மொதல்ல கீழ போயி அந்தச் சீட்டக் கிழி. அப்படியே வடிகட்டில இருக்கற பஞ்சையும் எடு. செவ்வாக்கிழமையிலேர்ந்து கெடக்கு."

"அந்தப் பஞ்சு என்னுதா இருக்கும்," என்றார் சிக்வார்ட். உண்மை சொல்லப் பழகிவிட்டால் நிறுத்துவது கஷ்டம்.

மூன்று பேருமாகக் கீழே போனார்கள். சீட்டை டோர்கெல் கிழித்தான், பஞ்சை சிக்வார்ட் எடுத்தார், குன்வோர் நின்று மேற்பார்த்தார். அன்று மாலை சிக்வார்ட் நடுவர் பொறுப்பிலிருந்து விலகும் கடிதத்தை எழுதி இருவருடைய கதவிலும் போட்டார். காரணம் என்ற இடத்தில் "துணி" என்று மட்டும் எழுதியிருந்தார்.

குன்வோர் உப்பு போட்டுப் பார்த்தார், சோடா போட்டுப் பார்த்தார். கறை வெளுத்ததே தவிர முழுக்கப் போகவில்லை. சனிக்கிழமை ஊரிலிருந்து வந்த எல்சி கதையைக் கேட்டுவிட்டு, நம் வீட்டில் லேஸ் வைத்த துணியே கிடையாது, இத்தனை வருஷம் எந்த மேஜையில் சாப்பிட்டாய் என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை குன்வோர் லோவிசாவை ஏந்திக்கொண்டு திருமுழுக்குத் தொட்டியருகே நின்றார். அங்கி குழந்தையைவிட இரண்டு மடங்கு நீளம். நுனி தரையில் புரண்டது. பின்வரிசையில் ஒதுங்கியிருந்த சிக்வார்டை டோர்கெல் கையைப் பிடித்து இழுத்துவந்து, நுனியைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னான். இந்தத் துணியோடு நிறையப் பழக்கமிருக்கும் உனக்கு என்றான்.

போதகர் ஊருக்குப் புதிது. பதிவேட்டில் எழுதுவதற்காக ஒவ்வொருவரையும் விசாரித்துக்கொண்டு வந்தார். சிக்வார்டிடம் வந்து, "நீ குழந்தைக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

சிக்வார்ட் கையிலிருந்த துணியைப் பார்த்தார். லோவிசாவின் பெயருக்குப் பக்கத்தில் அந்த வட்டம் மங்கலாகத் தெரிந்தது.

"இந்தக் கறை என்னுது," என்றார்.

போதகருக்கு எந்தக் கட்டத்தில் அதை எழுதுவது என்று தெரியவில்லை. மூன்றாம் வரிசையில் எல்சி கை தட்டினாள்.