நாள் முழுக்க எங்கேஜ்

ஒரு அல்பத்தை நெட்டில ஏத்துறதுக்கு ஒரு மனிசன் எவ்வளவு பேச்சு வாங்க வேணும்? வெள்ளவத்தையில இருந்து ஒருக்கா ஏத்திப் பாருங்கோ, அப்ப விளங்கும்.

நான் சும்மா பாட்டுக் கேக்கிற ஆள் இல்லை. பகலில கொள்ளுப்பிட்டியில ஒரு கப்பல் கொம்பனியில கணக்கு வேலை. மற்ற நேரமெல்லாம் ஹவுஸ் மியூசிக். சிக்காகோ, டெட்ரொயிட், பேர்லின் எண்டு எங்கையெங்கையோ இருக்கிற ஆக்கள் கொம்பியூட்டரில செய்யிற அல்பங்களைக் கேட்டு, எது திறம், எது குப்பை எண்டு ஒரு ஃபோரத்தில எழுதுவன். "தயா சொன்னால் நம்பிக் கேக்கலாம்" எண்டு பிரேசில்காரன் ஒருத்தன் எழுதினவன். வீட்டில மட்டும் அதுக்குப் பேர் டும் டும். "உந்த டும் டும்மை நிப்பாட்டிப்போட்டு வந்து சாப்பிடு" எண்டுதான் அம்மா கூப்பிடுவா.

ஸ்ரனிஸ்லாஸை அந்த ஃபோரத்திலதான் பிடிச்சனான். ரெண்டு பேரும் இங்கிலிஷில நல்லாச் சண்டை பிடிச்சு முடிஞ்ச பிறகுதான் தெரிஞ்சுது, ஆள் கொட்டாஞ்சேனை, ஹாபரில கிளார்க் எண்டு. அவன் கேக்கிறதோட நிக்கேல்லை, தானே ஒரு அல்பம் செய்தான். ஒரு சொல்லும் இல்லாத ஏழு பாட்டு. அடியும் பேஸும்தான். முதல்தரம் கேக்கேக்க எனக்கு மயிர் சிலிர்த்துது. சத்தியமா, நான் ரெக்கமண்ட் பண்ணின அல்பங்களில முக்கால்வாசி அதுக்குக் கிட்ட நிக்காது.

ஆனால் ஆர் கேக்கிறது? கொழும்பில ஒரு ரேடியோவும் போடாது. அவன்ர அம்மா புளோறன்ஸ் அன்ரி முழுக்க இருந்து கேட்டிட்டு, "பாட்டுக்காரர் எப்ப வருவினம் மகன்?" எண்டு கேட்டவ. பொடியன் வெறுத்துப்போனான். கட்டாருக்குப் போக ஒரு ஏஜென்ரைப் பிடிச்சு, கொம்பியூட்டரை விக்கவும் ஆள் பாத்திட்டான். அவங்கட லேனில இருக்கிற ஹெக்டர் திங்கக்கிழமை காலமை வந்து தூக்கிக்கொண்டு போறதாப் பேச்சு.

அந்த நேரம் பாத்துத்தான் ஃபோரத்தில ஒரு பேர்லின்காரன் அம்பிட்டான். நெட் ரேடியோவில கிழமைக்கு ஒருக்கா நிகழ்ச்சி செய்யிறவன். அவன் போட்டால் உலகம் கேக்கும். நான் வெக்கத்தை விட்டுக் கெஞ்சினன். "சரி, ஞாயிற்றுக்கிழமை உங்கட பின்னேரத்துக்கு முதல் லிங்கைத் தா. பிடிச்சால் போடுறன்" எண்டான். ஸ்ரனிஸ்லாஸிட்டைச் சொன்னன். "அவன் போட்டானெண்டால் நான் விக்கேல்லை மச்சான். போடேல்லையெண்டால் உதை இதோட விட்டிட்டன்" எண்டான். அவன் பகிடிக்குச் சொல்லேல்லை.

சனிக்கிழமை சீடியைக் கொண்டுவந்து தந்தான். வழியில செக் பொயின்ரில ஆமிக்காரன் சீடியைத் திருப்பித் திருப்பிப் பாத்திட்டு "ஹிந்தி சிந்துத?", ஹிந்திப் பாட்டோ எண்டு சிங்களத்தில கேட்டானாம். இவனும் ஓமெண்டு தலையாட்டித் தப்பி வந்திருக்கிறான். "என்ர அல்பத்தை நானே ஹிந்திப் பாட்டு எண்டு சொல்லிப்போட்டு வாறன், பாத்தியா" எண்டு கொதிச்சான்.

ஞாயிறு விடிய எங்கட பக்கம் ஆமியின்ர சுற்றிவளைப்பு. வீடு வீடா ஏறி இறங்கிப்போட்டுப் போனாங்கள். நெட் கஃபேக்காரர் ஒருத்தரும் கடை திறக்கேல்லை. சனியன், வேறை நாளே கிடைக்கேல்லை! இனி வீட்டு டயல்-அப்தான் கதி. ரெலிபோன் வயரிலதான் நெட்டும் வரும். நெட் ஓடினால் போன் எங்கேஜ். ஆரும் போனைத் தூக்கினால் நெட் அறும். எங்கட ஃபோரத்தில ஒரு சட்டமும் இருக்கு. அல்பம் முழுக்க ஒரே ஃபைலாத்தான் ஏத்த வேணும், துண்டு துண்டாப் போட்டால் அழிச்சுப்போடுவாங்கள். நடுவில அறுந்துதெண்டால் திரும்ப முதலில இருந்து.

நல்ல காலத்துக்கு அம்மா பம்பலப்பிட்டியில ஒரு செத்தவீட்டு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் போயிட்டா. நான் கதவைப் பூட்டிப்போட்டு ஏத்தத் தொடங்கினன். அது நத்தை மாதிரி ஊருது. ஸ்ரனிஸ்லாஸ் மொபைலில எடுத்து எடுத்து, "எவ்வளவு போட்டுது? இப்ப எவ்வளவு?" எண்டு என்ர உயிரை வாங்கினான். மொபைலை ஓஃப் பண்ணி மேசையில போட்டன். ஹெட்ஃபோனைக் கொழுவிக்கொண்டு, பேர்லின்காரனுக்கு அனுப்ப ரெக்கமண்டேசன் எழுத இருந்தன்.

அல்பத்தின்ர உயிர் மூண்டாவது பாட்டுத்தான். அடிக்கு மேல ஒரு சத்தம் விட்டு விட்டு, ஒரே அளவா, நிக்காமல் வந்துகொண்டிருக்கும். முதல் கேட்ட அண்டைக்கு "சிரிப்பு வருது மச்சான், நல்ல விளையாட்டு" எண்டு அவனிட்டைச் சொன்னனான். அதையே இங்கிலிஷில வடிவா எழுதினன். பெரிய விமர்சகர் எல்லே!

வெளியில நடந்த கூத்து எனக்குப் பிறகுதான் தெரியும். அம்மாவின்ர தமக்கை, அன்னபாக்கியம் பெரியம்மா, ரொறன்ரோவில இருக்கிறா. அங்க விடியவும் இல்லை. மனிசி நித்திரை வராமல் எழும்பி, வெள்ளவத்தையில சுற்றிவளைப்பு எண்டு செய்தியைப் பாத்திட்டு எங்களுக்குப் போன் எடுத்திருக்கிறா. எங்கேஜ். திரும்பவும் எங்கேஜ். என்ர மொபைலும் ஓஃப். அவ்வளவுதான், முடிவு கட்டியாச்சு, தயாவைப் பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்கள் எண்டு. கீழ்வீட்டு நமசிவாயம் அங்கிளுக்கு எடுத்திருக்கிறா. அவர் வந்து பெல் அடிச்சிருக்கிறார், நான் ஹெட்ஃபோனுக்குள்ள. கதவு பூட்டு, சத்தம் சந்தடி இல்லை எண்டு அவர் சொல்ல, பெரியம்மா நேரே அந்தியேட்டி வீட்டுக்கு எடுத்திட்டா. ஐயர் மந்திரம் சொல்லச் சொல்ல அம்மா குளறிக்கொண்டு எழும்பி ஓட்டோவில ஏறியிருக்கிறா. அங்க வந்த சனத்தில பாதி அவவுக்குப் பின்னால.

எனக்கு இது ஒண்டும் தெரியாது. இன்னும் கொஞ்சம்தான் கிடந்துது. கடைசித் துண்டு ஊருறதைக் கண் வெட்டாமல் பாத்துக்கொண்டிருக்கிறன், முதுகில விழுந்துது ஒரு அடி. திரும்பினால் அம்மா, தன்ர சாவியால கதவைத் திறந்துகொண்டு வந்து நிக்கிறா. தலை விரிஞ்சு கிடக்கு. பின்னால நமசிவாயம் அங்கிள் குடையோட நிக்கிறார். அவருக்குப் பின்னால முகம் தெரியாத ஒரு கூட்டம்.

"உயிரோட இருக்கிறான்!" எண்டார் அங்கிள்.

"உயிரோடதான் இருக்கிறன், ஆர் செத்தது?" எண்டன். அந்தியேட்டி வீட்டிலயிருந்து வந்த சனத்துக்கு முன்னால அப்பிடிக் கேட்டதுக்கு அம்மாவிட்டை இன்னொரு அடி விழுந்துது.

"அங்க அக்கா துடிச்சுக்கொண்டிருக்கிறா" எண்டு அம்மா ஹோலுக்கு ஓடினா.

"அம்மா, தூக்காதேங்கோ! ஐயோ, போனைத் தூக்காதேங்கோ அம்மா!"

தூக்கிட்டா. திரையில ஏறிக்கொண்டிருந்த கோடு அப்பிடியே நிண்டுது. பிறகு லைன் இல்லை எண்டு ஒரு சின்னப் பெட்டி வந்துது. மணியைப் பாத்தன். இனித் திரும்ப ஏத்த நேரம் இல்லை. எனக்கு அழுகையே வந்திட்டுது.

ஸ்ரனிஸ்லாஸ் கொட்டாஞ்சேனையில மொபைலைப் பாத்துக்கொண்டு இருப்பான். நாளைக்கு ஹெக்டர் வந்திடுவார். அதை நினைக்க நினைக்க எனக்கு மண்டை வெடிச்சுது.

அம்மா கூட்டத்துக்கு விளக்கம் சொல்ல ரிசீவரை வைச்சிட்டா. வைச்ச உடனை போன் அடிச்சுது. பாய்ஞ்சு போய் எடுத்தன். "பெரியம்மா, போன் எங்கேஜ் எண்டால் வீட்டில ஒருத்தன் கதைச்சுக்கொண்டிருக்கிறான் எண்டு நினைக்க வேணும்! பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்கள் எண்டு ஊரைக் கூட்டுறதே? உங்களுக்கு என்ன விசரா?"

"டேய்!" எண்டு அம்மா என்ர வாயைப் பொத்தினா.



"நானும் அப்பிடித்தான் தயா நினைச்சனான்" எண்டா பெரியம்மா. "கதைச்சுக்கொண்டிருக்கிறார் எண்டு."

பெரியப்பாவைத் தொண்ணூறில தெமட்டகொடை வீட்டில வைச்சுப் பிடிச்சுக்கொண்டு போனது, ஆள் திரும்பி வராதது எனக்குத் தெரியும். அவரின்ர படம் எங்கட ஹோலில மாலை போடாமல் தொங்குது. போன் கதை மட்டும் தெரியாது. அண்டைக்குப் பெரியம்மா வேலை செய்யிற கந்தோரில இருந்து வீட்டுக்கு எடுத்தாவாம். எங்கேஜ். பின்னேரம் வரைக்கும் எடுத்தாவாம்.

"தம்பிக்காரனோட அலட்டிக்கொண்டிருக்கிறார், போய்க் குடுக்கிறன் நல்லா எண்டு, ஏசிக்கொண்டுதான் பஸ் ஏறினனான். வீட்டை வந்தால் ரிசீவர் வயரில தொங்குது. கதவு திறந்தபடி கிடக்கு."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ பெரியம்மா" எண்டன்.

"சரி, விடு" எண்டா. "நாள் முழுக்க லைனைப் பிடிச்சு வைச்சு அப்பிடி என்னத்தை அனுப்பினனீ?"

"ஒரு சினேகிதன்ர பாட்டு. அனுப்பேல்லை, அறுந்துபோச்சு."

"போடன், கேப்பம்."

போனைக் கொம்பியூட்டருக்குக் கிட்ட இழுத்துக்கொண்டு போய், மூண்டாவது பாட்டைப் போட்டு, ஸ்பீக்கரில ரிசீவரைப் பிடிச்சன். போனில பேஸ் போகாது, அடியும் சரியாப் போகாது. மேல வாற அந்தச் சத்தம் மட்டும் தனியாப் போகும். இதென்னத்தைக் கேட்டு என்னத்தைச் சொல்லப் போறா எண்டு எரிச்சலோட ரிசீவரைக் காதில வைச்சன்.

"இது போன் எங்கேஜ் சத்தம்" எண்டா பெரியம்மா.

"இல்லைப் பெரியம்மா, அது கொம்பியூட்டரில செய்யிற ஒரு..."

"எனக்குச் சொல்லித் தாறியோ?"

நான் வாயை மூடிக்கொண்டு கேட்டன். கொஞ்சம் மெதுவாக்கி, சுருதி கொஞ்சம் இறக்கிக் கிடந்துது, ஆனால் அதேதான். எத்தினை தரம் கேட்டிருப்பன், ஒரு நாளும் பிடிபடேல்லை.

"நிப்பாட்டட்டோ பெரியம்மா?"

"வேண்டாம். ஓடட்டும்."

பாட்டு முடியுமட்டும் அவ போனை வைக்கேல்லை. முடிஞ்சாப் பிறகு கேட்டா, "பாவம், ஆரடா அந்தப் பெடியன்? ஆருக்கு எடுத்தவன்?"

விசாரிச்சுச் சொல்லுறன் எண்டு போனை வைச்சிட்டு, மொபைலைத் திரும்ப ஓன் பண்ணினன். உடனை அடிச்சுது. "என்ன மச்சான், போட்டுதோ?" எண்டான் ஸ்ரனிஸ்லாஸ்.

"இல்லையடா. அறுந்துபோச்சு. அம்மா போனைத் தூக்கிட்டா."

அவன் ஏசுவான் எண்டு பாத்தன், ஏசேல்லை. "சரி மச்சான், விடு" எண்டான். அந்த ‘விடு’ எனக்கு அம்மாவின்ர ரெண்டு அடியையும் விட நொந்துது.

"மூண்டாவது பாட்டில நீ ஆருக்கு எடுத்தனீ?" எண்டு கேட்டன்.



"அக்காவுக்கு. யாழ்ப்பாணத்தில, குருநகரில இருக்கிறா எண்டு சொன்னனானெல்லே. சண்டையில யாழ்ப்பாணப் பாதை பூட்டின நாளில இருந்து, ஞாயிறு பூசை முடிய எடுக்கிறனான். லைன் கிடைக்காது, உதுதான் வரும். ஒரு நாள் ரெக்கோட் பண்ணினன்."

"எனக்கேனடா சொல்லேல்லை?"

"நீ சிரிப்பு வருது எண்டாய். சரி, அப்பிடியே கிடக்கட்டும் எண்டு விட்டிட்டன். ஆர் உனக்குச் சொன்னது?"

"ரொறன்ரோவில என்ர பெரியம்மா. போனில போட்டுக் காட்டினன்."

"முழுக்கவோ?"

"முழுக்க. நிப்பாட்டட்டோ எண்டு கேட்டன், வேண்டாமெண்டிட்டா."

அந்தப் பக்கம் அவன் மூக்கை உறிஞ்சினான். பின்னால புளோறன்ஸ் அன்ரி தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டுக் கேட்டுது. "வாறன் அம்மா" எண்டு சொல்லிப்போட்டு என்னட்டைச் சொன்னான்:

"மச்சான், போனை வை. நான் ஹெக்டருக்கு எடுத்து நாளைக்கு வர வேண்டாமெண்டு சொல்ல வேணும்."