கதாநாயகிக்குக் குரல் கொடுத்தவள்

டிவிக்காரர் வாயைத் திறந்தால் சட்டம்தான் பேசுவார். வீடு வீடாகப் போய் டிவி மாட்டுகிறவர், கூடவே ஓசிப் படம் காட்டும் ஆப் ஒன்றையும் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவார். படத்தைத் திருடி ஏற்றினவன் எவனோ, தன்னை எந்தச் சட்டமும் ஒன்றும் செய்யாது என்று அடித்துப் பேசுவார். எந்த வக்கீல் சொன்னார் என்று மட்டும் கேட்கக் கூடாது.

அவர் மனைவி டப்பிங் பேசுகிறவள். ஒன்பது வருஷம் கூட்டத்தில் ஒருத்தியாகக் கத்திக்கொண்டிருந்தவளுக்கு, முதல்முறையாகக் கதாநாயகிக்கே குரல் கொடுக்கும் வாய்ப்பு வந்தது. அப்பா அதைக் கேட்க வேண்டும், அவளுக்கு அது ஒன்றுதான் ஆசை. கூடவே இருக்கும் அந்த மனுஷருக்குக் கண் பார்வை போய் நாலு வருஷமாகிறது.

படம் ஓடிடியில் வெளியானதுமே டிவிக்காரர் பெருமை தாங்காமல், என் வீட்டம்மா குரல் கொடுத்த படம் ஆப்பில் வந்துவிட்டது, பாருங்கள் என்று வாடிக்கையாளர்களுக்கெல்லாம் செய்தி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டிலும் போட உட்கார்ந்தார். சந்தா கட்டியே பார்க்கலாமே என்று அவள் சொல்லிப் பார்த்தாள். நம்ம வீட்டுப் படத்துக்கு நாமே சந்தாவா என்று சிரித்துவிட்டார். தன் குரலைத் தானே கேட்கக் கூச்சப்பட்டு அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

கதாநாயகி பேசியதும் டிவிக்காரர் கையைத் தட்டினார். “மாமா, கேளுங்க. உங்க பொண்ணு!”

மாமனார் தலையைச் சாய்த்துக் கேட்டார். இன்னும் கொஞ்சம் கேட்டார்.

“மாப்பிள்ளை, இது என் பொண்ணு இல்ல.”

ஸ்பீக்கரில் அப்படித்தான் கேட்கும் என்று இவர் விளக்கம் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அவள் ஈரக்கையோடு வந்து நின்றாள். அது டப்பிங்குக்கு முந்தைய காப்பி. எடிட்டிங் ரூமில் யாரோ ஒரு பெண் ஒப்புக்குப் படித்து வைத்த குரல். அதைத்தான் எவனோ திருடி ஏற்றியிருக்கிறான் என்றாள்.

“அப்பாவுக்குத் தெரிஞ்சுது. உங்களுக்குத் தெரியல, இல்ல?”

பன்னிரண்டு வருஷம் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்திய மனுஷன்! டிவிக்காரருக்கு முகம் செத்துப்போயிற்று. சந்தா கட்டி, படத்தை முதலிலிருந்து போட்டார். கதாநாயகியின் முதல் வசனத்திலேயே மாமனார் கை மகளின் கையைத் தேடியது.

அப்போது போன் அடித்தது. வாடிக்கையாளர் ஒருவர். ஆப்பில் படம் பார்த்தாராம், வீட்டம்மா குரல் பிரமாதமாம்.

“அது அவ குரல் இல்லீங்க.”

யார் குரலாக இருந்தால் என்ன, ஓசிப் படம்தானே என்று அந்தப் பக்கம் சிரித்தார்கள். டிவிக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து செருப்பை மாட்டினார்.

“வீட்லயே இருங்க. நான் வந்து அந்த ஆப்பை எடுத்துடறேன்.”