மாயாண்டி நிமிர்த்திய பள்ளிவாசல்

மாயாண்டிக்கு ஐம்பத்து நான்கு வயதில்தான் முதன்முதலாகத் தன் பேரில் ஒரு வேலை கிடைத்தது. அதுவரை முப்பது வருடம் அடுத்தவன் எடுத்த வேலைக்குச் சிமெண்டு குழைத்தவன். பத்து பெரண்டாம் ஊரில் எத்தனை வீட்டுத் தரை அவன் கையால் பதிந்தது என்று கேட்டால் அவனுக்கே கணக்குத் தெரியாது. ஆனால் பேரெல்லாம் 'கெபாலா' என்று எல்லோரும் கூப்பிடும் மேஸ்திரிக்குத்தான். இப்போது பாயா ரும்புட்டைத் தாண்டி உள்ளே, கம்பம் என்கிற மலாய்க் கிராமம் ஒன்றில், பழைய பள்ளிவாசலின் தரைக்கு டைல்ஸ் பதிக்கும் வேலை நேராக அவனிடமே வந்திருந்தது. நல்லபடி முடித்தால் அவன் கெபாலா. சொதப்பினால் திரும்பவும் சிமெண்டு வாளி. இது அவனுக்குத் தெரியும். அவன் மனைவி திலகவதிக்கு அதைவிட நன்றாகத் தெரியும். வாளி தூக்கும் கையாள் அவள்தானே.

பள்ளிவாசல் என்றதும் வானத்தில் வெங்காயம் கவிழ்த்த மாதிரி ஒரு கும்மட்டத்தைத் தேடிக்கொண்டே இருவரும் மோட்டார் சைக்கிளில் கம்பத்தை இரண்டு சுற்று சுற்றினார்கள். கடைசியில் வந்து நின்ற இடத்தில் கும்மட்டமே இல்லை. மூன்று கூரை ஒன்றன்மேல் ஒன்றாக, அடுக்குச் சோற்றுப் பாத்திரம் மாதிரி மேலே போகப் போகச் சிறுத்து, உச்சியில் ஒரு பீங்கான் கிரீடத்தோடு நின்றது.

"ஏங்க, சீனக் கோயிலுக்கு வந்துட்டோம், வண்டியத் திருப்புங்க" என்றாள் திலகவதி.

"சீனக் கோயில் இல்ல தங்கச்சி, எங்க பள்ளிதான்" என்று உள்ளேயிருந்து தமிழில் பதில் வந்தது.

திலகவதி நாக்கைக் கடித்துக்கொண்டாள். வந்தவர் பள்ளிவாசல் தலைவர் ஹாஜி இத்ரிஸ். எழுபது வயது மலாய்க்காரர். இருபது வருடம் தமிழர்களோடு தோட்டத்து லாரி ஓட்டியவர்.

"நான் மொதல்ல கத்துக்கிட்ட தமிழ சபையில பேச முடியாது லா. இதெல்லாம் பிறகு கத்துக்கிட்டது" என்று சிரித்துவிட்டு உள்ளே அழைத்துப் போனார்.

"கும்மட்டம் பின்னாடி வந்த ஃபேஷன். எங்க தாத்தனுங்களுக்கு மரந்தான் தெரியும், இங்க பேயுற மழையத்தான் தெரியும். அதான் மூணு அடுக்குக் கூரை, நடுவுல காத்து போக வழி. இந்த நாலு தூணையும் பாரு, ஒண்ணொண்ணும் ஒரே மரம். ஒரு ஆணி கெடையாது."

மாயாண்டி தூணைத் தட்டிப் பார்த்தான். பிறகு மேற்குச் சுவரில், ஆள் நிற்கும் அளவுக்குக் குடைந்திருந்த வளைவு மாடத்தை எட்டிப் பார்த்தான். உள்ளே ஒன்றுமில்லை.

"மூலஸ்தானம் காலியா இருக்கே, ஹாஜி?"

"அது மிஹ்ராப். இமாம் நிக்கிற எடம். எந்தத் திசை பார்த்துத் தொழுறதுன்னு காட்டும். அவர் அதுக்குள்ள ஓதினா சத்தம் வளைவுல மோதி பின்னாடி இருக்கிறவன் காது வரைக்கும் வரும். மைக் இல்லாத காலம்ல."

"அப்ப திசையத்தான் கும்பிடுறீங்களா?" என்று திலகவதி கேட்டாள்.

"திசையக் கும்பிடல தங்கச்சி. திசையப் பாத்து நின்னு கும்பிடுறோம்."

வேலை இதுதான்: தரை முழுக்க வெளிர் டைல்ஸ். நாலடிக்கு ஒரு கறுப்புப் பட்டை. அதில் காலை வைத்துத்தான் வரிசை வரிசையாக நிற்பார்கள். "தரையில கோடு போட்டிருக்கு. அதப் பாத்து கறுப்பப் போடு. நான் மக வீட்டுக்கு ஜொகூர் போறேன், வியாழக்கிழமை வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டு ஹாஜி காரேறினார்.

அவர் போனதும் மாயாண்டி கோட்டைப் பார்த்தான். சிவப்புச் சாக்கட்டியில் போட்ட கோடுகள் அத்தனையும் கோணல். சுவர் ஒரு பக்கம் போக, கோடு வேறு பக்கம் போனது. சம்சுச் சாராயம் அடித்தவன் வீட்டுக்கு நடந்து போன வழி மாதிரி இருந்தது.

"எவன்டி இதப் போட்டான்? மூலைமட்டம்னு ஒண்ணு கண்ணுல பாத்திருப்பானா?"

"அந்தப் பெரியவரு கோட்டப் பாத்துப் போடுன்னாரு. போன் அடிச்சுக் கேளுங்க."

"மொத வேலையிலயே போன் அடிச்சு, ஹாஜி கோடு கோணலா இருக்கு என்ன செய்றதுன்னு கேட்டா, இவன் கெபாலாவா கையாளான்னு நெனைக்க மாட்டாரு?"

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

"கூடம் நேராத்தாண்டி இருக்கு. கோடுதான் கோணல்!"

சுவரைப் பார்த்துத் தரை போடு என்பது மாயாண்டி படித்த ஒரே பாடம். அன்றைக்கே தரையைக் கழுவினான். சிவப்புக் கோடெல்லாம் வாசல் வழியாக ஓடிப்போனது. பிறகு சுவருக்கு நேராக நூல் பிடித்தான். ரசமட்டம் வைத்தான். பள்ளி கொடுத்த நீளமான பச்சை அங்கியில் வேர்த்து ஊற்றிக்கொண்டே திலகவதி வாளி தூக்கினாள். புதன்கிழமை சாயங்காலம் கடைசி டைல்ஸைத் தட்டி உட்கார வைத்தபோது, கறுப்புப் பட்டைகள் ரயில் தண்டவாளம் மாதிரி மின்னின. மாயாண்டி தரையில் படுத்து, ஒற்றைக் கண்ணால் பார்த்துப் பார்த்துப் பூரித்தான்.

வியாழக்கிழமை ஹாஜி வந்தார். வாசலில் நின்று, "சந்தெக்! அழகா இருக்கு" என்றார். மாயாண்டிக்கு உச்சி குளிர்ந்தது. ஹாஜி நடந்து போய் முதல் கறுப்புப் பட்டையில் இரண்டு காலையும் வைத்து நின்றார். பிறகு துருப்பிடித்த கதவு திறக்கிற மாதிரி, மெள்ள மெள்ள வலப்பக்கம் திரும்பினார்.

"இடுப்பு பிடிச்சிக்கிச்சா, ஹாஜி?"

"எனக்கு இடுப்பு நல்லா இருக்கு மாயாண்டி. கோடு எங்கே?"

"அது கோணலா இருந்திச்சு ஹாஜி. நாந்தான் நேராக்கிட்டேன்."

ஹாஜி அப்படியே உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று திலகவதிக்குப் புரியவில்லை.

"அது சமய இலாகா ஆபீசரு மெஷின் வெச்சு அளந்து போட்டது. கட்டடந்தான் கோணல், தம்பி. எங்க ஆளுங்க இதக் கட்டினப்ப சூரியன் எறங்குற பக்கத்தப் பாத்து சுவர நட்டுட்டாங்க. மக்கா சுத்த மேற்குல இல்ல, வடக்கால சாய்ஞ்சு இருக்கு. ஜூன் மாசத்துல கட்டியிருந்தாலும் தப்பிச்சிருப்பாங்க, அப்பத்தான் சூரியனும் அந்தப் பக்கம் எறங்கும். இவனுங்க எந்த மாசத்துல கட்டினானுங்களோ!"

"அப்ப இந்தச் சுவரு…"

"சுவர இடிக்க முடியுமா? எரநூறு வருசக் கட்டடம். அதான் சுவர் அது பாட்டுக்கு நிக்கட்டும், வரிசைய மட்டும் திருப்பிக்கிறோம்."

திலகவதி புருசனைப் பார்த்தாள். "கூடந்தான் கோணலாம்" என்று சொல்லிவிட்டு வாளியைக் கழுவப் போனாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமைத் தொழுகை. கறுப்பைப் பார்க்காதீர்கள், உடம்பைத் திருப்பி நில்லுங்கள் என்று ஹாஜி மைக்கில் மூன்று தடவை சொன்னார். மாயாண்டி மோட்டார் கொட்டகையில் ஒளிந்து நின்று பார்த்தான். காது கேட்காத கிழவர்கள் ஐந்தாறு பேர், கட்டைவிரலைச் சரியாகக் கறுப்பில் வைத்து நேராக நின்றார்கள். மற்றவர்கள் சாய்ந்து நின்றார்கள். இரண்டு வரிசையும் ஒரு தூணோரம் வந்து, முச்சந்தியில் லாரிகள் மாட்டிக்கொண்ட மாதிரி முட்டிக்கொண்டன. குனியும்போது ஒருவர் தலை அடுத்தவர் இடுப்பில் இடித்தது. "எங்க பாத்துக் குனிஞ்ச?" என்று தொழுது முடித்த கையோடு ஒரு கிழவர் மலாயில் அதட்டினார்.

அங்கேயே கமிட்டி கூடியது. டவுனிலிருந்து வேறு ஆளைக் கூப்பிடலாம் என்று நாலு பேர் சொன்னார்கள். மாயாண்டி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.

"ஹாஜி, ஒரு வாரம் குடுங்க. நானே பேத்துட்டு நானே போடுறேன்."

"நீ போட்டத நீயே ஒடைப்பியா?"

மாயாண்டி குனிந்து கறுப்புப் பட்டையைத் தடவினான். அவன் வாழ்நாளில் போட்ட தரைகளிலேயே அதுதான் மிக நேரானது. "ஒடைப்பேன்" என்றான்.

ஆபீசர் மறுபடியும் மெஷினோடு வந்து கோடு போட்டார். இந்தத் தடவை மாயாண்டி தரையைக் கழுவவில்லை. தும்மக்கூட வெளியே போனான். கறுப்புப் பட்டைகளைப் பெயர்த்து அங்கே வெளிர் டைல்ஸை வைத்தான். பிறகு கிரைண்டரால் சாய்வாகத் தரையை அறுத்து, அந்த வெட்டுக்குள் கறுப்பை இறக்கினான். அறிவு சரி என்றாலும் கை கேட்கவில்லை. நூலைப் பிடித்தால் கை தானாகச் சுவர்ப் பக்கம் இழுத்தது. மறுமுனையைப் பிடித்திருந்த திலகவதி கரண்டியால் அவன் மணிக்கட்டில் ஒரு தட்டு தட்டுவாள்.

"மக்கா அங்கிட்டு இருக்கு."

"தெரியுதுடி."

"தெரிஞ்சா நூலு ஏன் பாயா ரும்புட்டுக்குப் போகுது?"

பாங்கு சொல்லும்போதெல்லாம் வேலையை நிறுத்தி வாசலுக்கு வந்துவிடுவார்கள். கிழவர்கள் தாழ்வாரத்தில் தொழுதுவிட்டு, போகிற போக்கில் எட்டிப் பார்த்து, "இன்னும் கோணலாகலையா?" என்று விசாரிப்பார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாயாண்டி ஒளிந்துகொள்ளவில்லை. வாசலுக்கு வெளியே, திலகவதியோடு நின்றான். சுவர் நேராக இருக்க, நூற்றைம்பது பேர் ஒரே சாய்வில், ஒரே வாட்டத்தில் நின்றார்கள். ஒரே நேரத்தில் குனிந்தார்கள். யாரும் யாரையும் இடிக்கவில்லை. கோணலைப் பார்த்து அழகு என்று நினைத்தது மாயாண்டிக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

கூட்டம் கலைந்தபோது, ஹாஜி புக்கிட் ரம்பாயிலிருந்து வந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அங்கேயும் ஒரு சின்னத் தொழுகைக் கூடத்துக்குத் தரை போட வேண்டுமாம். தரையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுக்கு யார் கெபாலா?" என்று மலாயில் கேட்டார் அவர்.

ஹாஜி கையை நீட்டினார். மாயாண்டி, கெபாலா எங்கே நிற்கிறார் என்று பின்னால் திரும்பிப் பார்த்தான்.

"ஒங்களத்தாங்க!" என்று திலகவதி அவன் விலாவில் இடித்தாள்.

அவன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தான். டாக்டர் நோயாளியைக் கேட்கிற தோரணையில், ஐயாவுக்குப் பதில் துவான் போட்டு மலாயில் கேட்டான்:

"ஒங்க சுவரு எத்தனை டிகிரி கோணல், துவான்?"

"எங்களது புதுக் கட்டடம். நேராத்தான் இருக்கு" என்றார் வந்தவர்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க" என்றான் மாயாண்டி. "பயப்படாதீங்க. நாளைக்கு வந்து பாக்குறேன்."