ஹீட்டர் போடாத கார்

ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு டனீடின் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும்போது எனக்குக் குளிரும். சும்மா குளிர் இல்லை, எலும்புக்குள் யாரோ ஐஸ் தண்ணீரை ஊற்றுவதுபோல. வாரத்துக்கு மூன்று நாள் இந்தப் பாடு. எங்கள் ஊர் ரான்ஃபர்லியில் பாதிப் பேருக்கு என் சிறுநீரகத்தின் கதை தெரியும். மீதிப் பேருக்கு என் புருஷன் வாலஸ் வாங்கிய மின்சாரக் காரின் கதை தெரியும்.

போன ஜனவரியில், பெட்ரோல் எங்கள் பென்ஷனைத் தின்கிறது என்று சொல்லி, ஓடிக்கொண்டிருந்த நல்ல காரை விற்றுவிட்டு, ஜப்பானிலிருந்து வந்த இந்தப் பழையதை வாங்கினான். ஒரு வாரம் சமையலறையில் உட்கார்ந்து கணக்கு. எரிபொருள், ஆயில், டயர், இன்சூரன்ஸ், கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று அரசாங்கம் பிடுங்கும் சாலை வரி, எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, "மொத்தத்துல இதுதான் மலிவு, நோரீன்" என்றான். ஓட்டிப் பார்த்ததாவது எப்படி? ஜனவரிக் கோடையின் கொளுத்தும் வெயிலில், எங்கள் மேட்டு நிலத்திலிருந்து கடலோரத்துக்கு, இறக்கத்தில். எங்கள் ஊர்க்காரனுக்கு மட்டுமே வரும் புத்தி அது. இங்கே டனீடினுக்குப் போவதைத்தான் பயணம் என்பார்கள். திரும்பி வருவதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

இப்போது ஜூலை; பூமியின் இந்தத் தெற்குக் கோடியில் நடுக் குளிர்காலம். பாதி வழியில் பாமர்ஸ்டனில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு மலைச்சாலையில் ஏறினோம். ஹீட்டர் போட்டால் பழைய பேட்டரி தீர்ந்து வீடு போய்ச் சேர முடியாது, போடாவிட்டால் நான் விறைத்துப் போவேன். மேலே கம்பளி, மடியில் ஆறிப்போன வெந்நீர்ப் பை. கண்ணாடியில் எங்கள் மூச்சு படியப் படிய, வாலஸ் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே ஓட்டினான். சார்ஜ் காட்டும் கட்டங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஏற்றம் இன்னும் பாதி இருக்கும்போது வண்டி ஊர ஆரம்பித்தது. ஓரமாக நிறுத்தினான். போனில் சிக்னல் இல்லை. வெளியே பனி கொட்டத் தொடங்கியது.

"யாராவது வருவாங்க," என்றான்.

"வரட்டும். என்னை ஐஸ் பெட்டியில போட்டு எடுத்துட்டுப் போகட்டும்."

அவன் தன் கோட்டைக் கழற்றி என் காலில் சுற்றினான். வெறும் சட்டையோடு உட்கார்ந்து நடுங்கினான். பாவமாகத்தான் இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது. கொஞ்ச நாளாக மனதில் வைத்திருந்ததை இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். வெள்ளிக்கிழமையிலிருந்து டனீடினுக்கு நான் வரப்போவதில்லை. போதும். இப்படி இழுபடுவதைவிட என் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் அவனை நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வேண்டும்.

"ஏத்தத்த மறந்தே, ஹீட்டர மறந்தே. அப்படி என்னய்யா பெரிய கணக்குப் போட்டே? எத்தன வருஷத்துக்கு?"

"பத்து."

"பத்தா? நான் நாலு வருஷம் தாண்டினாலே பெரிசுன்னு டாக்டர் உன் முன்னாடிதானே சொன்னாரு."

"சொன்னாரு."

"அப்ப நாலுன்னு போட்டா?"

"வித்த பெட்ரோல் கார்தான் மலிவு." ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே சொன்னான். "செலவுல இது அத முந்தறதுக்கே ஆறு வருஷம் ஆகும். எத்தன வருஷம் வெச்சுக்கப் போறீங்கன்னு முடிவு பண்ணிட்டு வாங்குங்கன்னு விக்கிறவனே சொன்னான். நாலுன்னு எழுத எனக்குக் கை வரல, நோரீன்."

வடிகட்டின முட்டாள். இருக்கிற காசையெல்லாம் கொண்டுபோய் என் ஆயுசின் மேல் பந்தயம் கட்டியிருக்கிறான், அதையும் என்னிடம் சொல்லாமல். வெள்ளிக்கிழமைப் பேச்சு வாய்க்குள்ளேயே நின்றது.

"ஹீட்டரப் போடு," என்றேன்.

"மிச்சம் இருக்கற சார்ஜும் போயிடும்."

"போனாப் போகுது. கோட்ட எடுத்து மாட்டு முதல்ல. நீ ஜுரம் வந்து படுத்துட்டா வெள்ளிக்கிழமை என்னை யாரு கூட்டிட்டுப் போவா?"