உள்துறையும் வெளியுறவும்

எங்கள் சோதனைக்கூடத்தில் எனக்கு வைத்த பெயர் உள்துறை. எதிர் மேசைக்காரருக்கு வெளியுறவு. நாங்கள் மந்திரிகள் எல்லாம் இல்லை. டர்போ கார்களுக்கு இன்டர்கூலர் வரைகிறவர்கள். டர்போ, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும். சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்குத் தெரியும், அழுத்தினால் காற்று சூடாகும், பம்பின் அடிப்பக்கம் கையைச் சுடும். சூடான காற்று இன்ஜினுக்கு அவ்வளவாக உதவாது. அதனால் வழியில் ஓர் அலுமினியப் பெட்டிக்குள் விட்டு ஆற்றி அனுப்புகிறோம். பெட்டி முழுக்கத் தட்டைக் குழாய்கள். குழாய்க்குள் சூடான காற்று ஓடும், குழாய்களுக்கு வெளியே எதிர்காற்று அடிக்கும். இரண்டு பக்கமும் ஃபின் என்கிற மெல்லிய மடிப்புத் தகடுகள் உண்டு. சூட்டை வாங்கிக் கடத்துவது அவைதான்.

உள்ளே இருக்கும் ஃபின்னை நெருக்கமாக, வரிசை மாற்றி மாற்றி வைத்தால் காற்று முட்டி மோதிப் புரண்டு சூட்டைக் கொடுத்துவிட்டுப் போகும் என்பது என் கட்சி. அப்படி வைத்தால் காற்றுக்கு மூச்சு முட்டும், அழுத்தம் விழும், மிதித்தவுடன் கார் பாயாது என்பது அவர் கட்சி. உள்ளே காற்றை அதன் போக்கில் விட்டுவிட்டு, வெளி ஃபின்னில் சன்னமாகக் கீறல் போட்டு எதிர்காற்றை வேலை வாங்க வேண்டும் என்பார். காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நாங்கள் இருவரும் நின்றால் மற்றவர்கள் கோப்பையோடு நகர்ந்துவிடுவார்கள்.

"உள்துறை, உங்க குழாய்க்குள்ள காத்து போறதுக்கே சிபாரிசு வேணும் போலிருக்கே" என்பார்.

"உங்க வெளிப்பக்கம் ஒரு வாரம் மண் ரோட்டுல ஓடட்டும். தூசி அடைச்சதும் வந்து பேசுங்க" என்பேன்.

சிரித்துக்கொண்டேதான் பேசுவோம். ஆனால் இருவருமே தற்காலிகம். நிரந்தர இடம் ஒன்றே ஒன்று. எந்த வடிவம் காருக்குப் போகிறதோ அதை வரைந்தவருக்கே இடம் என்று மேலாளர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார்.

எனக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. மகள் பிறந்த பிறகு ஏழு வருடம் வீட்டோடு இருந்துவிட்டு வந்தவள் நான். இங்கே சேர்வதற்கு முன் ஏறி இறங்கிய இடங்களில் எல்லாம் அந்த ஏழு வருடத்தைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். வேலையே மறந்து போயிருக்குமே என்று முகத்துக்கு நேராகக் கேட்ட மகராசனும் உண்டு. கேட்கும்போது சிரித்துவிட்டு வந்தேன். ஆனால் ஒருவேளை அவன் சொன்னது சரிதானோ என்ற சந்தேகம் என்னை அரித்துக்கொண்டே இருந்தது. இந்த இன்டர்கூலரும் சொதப்பினால் இனி யாரிடமும் வேலை கேட்டுப் போவதில்லை என்று கணவரிடம் சொல்லியிருந்தேன். அவர் பேருந்து ஓட்டுகிறவர். எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பார். அன்று கேலியை விட்டுவிட்டு என் சாப்பாட்டு டப்பாவைக் கழுவப் போனார்.

சோதனை நாளன்று முதலில் வெளியுறவு வரைந்ததை மாட்டினோம். சூடான காற்றை ஒரு முனையில் விட்டு, எதிரே பெரிய விசிறியை ஓடவிட்டு, மறு முனையில் எத்தனை டிகிரியில் வெளியே வருகிறது என்று பார்ப்பதுதான் சோதனை. அவர் முன்கூட்டியே கணக்குப் போட்டு ஐம்பத்தைந்து வரும் என்று எழுதியிருந்தார். ஐம்பத்தைந்தில் வந்து நின்றது. அடுத்து என்னுடையது. நான் ஐம்பத்திரண்டு என்று எழுதியிருந்தேன். திரையில் அறுபத்தொன்று.

மேலாளர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். "சரி, தெரிஞ்சு போச்சு" என்றார். என் காது மடல் இரண்டும் எரிந்தன. கைக்கு ஏதாவது வேலை வேண்டுமே என்று குழாய்களைக் கழற்ற ஆரம்பித்தேன்.

வெளியுறவு மட்டும் திரையை விட்டு நகரவில்லை. "சார், உள்துறையோடதை அறுத்துப் பாக்கணும்" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ஜெயிச்சது பத்தலையா? போஸ்ட்மார்ட்டம் வேற பண்ணணுமா உங்களுக்கு? எல்லாரும் பாத்தாச்சு இல்ல, விடுங்களேன்" என்று கூடமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

அவர் பதிலுக்குக் கத்தவில்லை. "அழுத்தம் எவ்வளவு விழும்னு எழுதியிருந்தீங்க?" என்று கேட்டுவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார். நான் எழுதிய அளவே அங்கே இருந்தது. டிகிரியைப் பார்த்த அதிர்ச்சியில் அந்தக் கட்டத்தை நான் பார்க்கவே இல்லை.

"காத்து நீங்க சொன்ன மாதிரியே திணறுது. அப்போ ஃபின் உள்ள ஒழுங்காத்தான் நிக்குது. சூடு மட்டும் வெளிய வரமாட்டேங்குது. கணக்கு தப்புன்னா ரெண்டும்ல தப்பா வரணும்? ஃபின் சுவத்துல ஒட்டலைன்னு நினைக்கிறேன்."

மேலாளருக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. "அதான் நீ ஜெயிச்சுட்டியேப்பா. உனக்கு எதுக்கு வேண்டாத வேலை?"

"தோத்தது எதுன்னு தெரியாம ஜெயிச்சுட்டேன்னு எழுத எனக்குக் கை வரலை சார்."

அறுத்தார்கள். வெளி ஃபின்கள் குழாயை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தன. வெளியிலிருந்து பார்த்து யாராலும் சந்தேகப்பட்டிருக்க முடியாது. வெளியுறவு ஒரு குழாய்த் துண்டை எடுத்து மேசையில் லேசாகத் தட்டினார். தீப்பெட்டியின் உள்கூடு வருவதுபோல ஃபின் அப்படியே வழுக்கி அவர் கைக்குள் வந்து விழுந்தது. உலையில் வைத்து ஒட்டியபோது உள்பக்கம் சூடு போதாமல், ஒட்ட வைக்கும் பற்றாசு உருகவே இல்லை. சுவரைத் தொட்டுக்கொண்டு சும்மா நின்ற தகடு சூட்டை எப்படிக் கடத்தும்?

அவர் அந்தத் தகட்டை என்னிடம் நீட்டினார். எனக்கு அழுகை முட்டியது. கொஞ்ச நேரத்துக்கு முன்தான் ஊரறியத் திட்டிய மனிதர் முன்னால் அழுவதா என்று, எண்ணெய் படிந்த ரம்பத்தை எடுத்துத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

உலையில் நேரம் கூட்டி வைத்துப் புதிதாகச் செய்து கொண்டுவந்தார்கள். இந்த முறை முதலில் ஒன்றை அறுத்து, ஒட்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் இன்னொன்றை மாட்டினோம். எண் இறங்கி இறங்கி வந்து ஐம்பத்திரண்டில் நின்றது. நம்பாமல் இன்னொரு முறை ஓட்டச் சொன்னேன். அப்போதும் ஐம்பத்திரண்டுதான்.

"மூணு டிகிரி நீ முன்னால இருக்கம்மா. என்ன, உன்னோடதையே அனுப்பிரலாமா?" என்றார் மேலாளர்.

வெளியுறவு விசிறியை நிறுத்தப் போய்விட்டார். வழக்கமாக இந்த இடத்தில் ஒரு பிரசங்கமே நடத்துவார். நானும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்த நாற்காலி என்னுடையதாகியிருக்கும். ஆனால் சிக்னலுக்குச் சிக்னல் நின்று நின்று ஓடப்போகிற சின்ன கார் அது. என்னுடையதில் அழுத்தம் அவருடையதைப்போல இரண்டு மடங்கு விழுகிறது. பயம் இருந்தவரை இதை ஒத்துக்கொள்ள எனக்கு மனசு வந்ததில்லை. இப்போது பயம் போய்விட்டிருந்தது.

"இந்தக் காருக்கு அவரோடதுதான் சார் சரி. மூணு டிகிரிக்காக, மிதிக்கும்போதெல்லாம் தயங்குற வண்டியை யாரும் வாங்க மாட்டாங்க. பாரம் ஏத்திக்கிட்டு மலை ஏறுற வண்டின்னா நான் விட்டுக்குடுத்திருக்க மாட்டேன்."

"யோசிச்சுத்தான் பேசுறியா?"

"யோசிச்சுட்டேன் சார்."

என் கடைசி வேலை நாள் மாலை, வாசலில் வெளியுறவு வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நேரே போய் நன்றி சொன்னேன்.

"நல்லாருக்கே. சீட்டு எனக்கு வந்திருக்கு, நன்றி நீங்க சொல்றீங்க" என்றார்.

"அன்னிக்கு நீங்க பேசாம இருந்திருந்தா எனக்கு வேலை தெரியாதுன்னு நானே முடிவு கட்டியிருப்பேன். சாகுற வரைக்கும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருந்திருப்பேன்."

அவர் துணியை உதறினார், மடித்தார், மறுபடி உதறினார். "ஃபின் ஒட்டலை. அவ்வளவுதான். உங்க கணக்குல ஒரு தப்பும் இல்ல" என்றார். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அந்த மனிதருக்கு நான் பட்ட கடனைத் தீர்க்க வழி கிடையாது. தீர்க்காமலே வைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இருந்தது.

வீட்டில் கணவர் அடுப்படியில் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்துக் குழம்பிப்போனார். ஆறுதல் சொல்வதற்கென்று தயார் செய்து வைத்திருந்த முகத்தை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு. நாளைக்கு லாரி இன்ஜின் பண்ற இடத்துல போய்க் கேக்கப் போறேன்."

அவர் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினார். "கேட்டா குடுப்பாங்களா?"

"குடுக்காம என்ன? எனக்குத்தான் வேலை தெரியுமே" என்றேன்.