இரண்டாவது சுற்று

திருவிழா மைதானத்தில் என் கணவன் ஆர்செசியோ ஜீப்பின் முன்பக்கத்தைத் தூக்கி ஆடியபோது, இரண்டாவது சுற்றிலேயே பின் ஆக்சில் முறிந்தது. அதையும் வேடிக்கை என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. எங்கள் கிந்தியோ மலையில் பின்னால் மூட்டை ஏற்றி, ஜீப்பைப் பின் சக்கரங்களில் நிமிர்த்தி, அது தானாக வட்டமடிக்கும்போது இறங்கிப் பக்கத்தில் ஆடினால்தான் ஆம்பளை. அந்த ஆம்பளைத்தனத்தின் பாரமெல்லாம் பின் ஆக்சிலில்தான் விழும். சொன்னால் கேட்டால்தானே? என் அப்பா விட்டுப்போன வண்டி அது. இந்த வருஷம் தூக்கவே மாட்டேன் என்று என் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணியிருந்தான், பாவி.

திங்கள் விடிந்ததும் முதலாளி தோன் ஒல்மேதோவின் தோட்டத்துக் காப்பிப் பழத்தை இறக்கியாக வேண்டும். வண்டி வராவிட்டால் அந்த நடையை வேறொருவனுக்குக் கொடுத்துவிடுவார். அப்புறம் அறுவடை முழுக்க நாங்கள் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

ஞாயிறு காலை என் அண்ணன் லிபார்தோ தோளில் ஒரு ஆக்சில் தண்டோடு வந்தான்.

"கடையெல்லாம் பூட்டிக் கெடக்கு. என் வண்டியிலருந்து கழட்டிட்டேன்."

"உனக்கு நடை இல்லையாண்ணே?"

"எனக்கு வாழைக்காதானே. அது நாலு நாள் பொறுக்கும், காப்பிப் பழம் பொறுக்குமா? புதுசு வாங்கினதும் திருப்பிக் கொடு."

அவன் ஜீப் இப்போது செங்கல் மேல் நின்றுகொண்டிருக்கும். ஆர்செசியோவோ சாராயத் தலைவலியோடு, போகிறவன் வருகிறவனிடமெல்லாம் கதை அளந்துகொண்டிருந்தான்.

"இன்னொரு சுத்து வந்திருந்தா பரிசு எனக்குத்தான்!"

"வாய மூடிட்டு ஜாக்கியப் புடி," என்றேன்.

சக்கரத்தைக் கழற்றித் தண்டை உருவினால் பாதிதான் வந்தது. மீதி உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது. கம்பியில் சுருக்குப் போட்டு அண்ணன் இழுத்துப் பார்த்தான், வழுக்கியது. பிறகு நான் வண்டியடியில் படுத்தேன். எண்ணெய் முழங்கை வரை வழிய, எப்படியோ சுருக்கு விழுந்தது. வெளியே வந்த துண்டின் முறிந்த முனை பிழிந்த துணிபோல் முறுக்கியிருந்தது. ஆத்திரத்தில் அழுகை வந்தது. யாரும் பார்க்கவில்லை.

அண்ணனின் தண்டை மாட்டி, வீட்டில் மிச்சம் இருந்த புது சீல் போட்டு, எண்ணெய் ஊற்றி, மத்தியானம் வண்டியைச் சதுக்கம் வரை ஓட்டிப் பார்த்தோம். சத்தமே இல்லை. அங்கே தலைநகர் பொகோத்தாவிலிருந்து வந்த சுற்றுலா பஸ் ஒன்று நின்றது. இறங்கியவர்கள் கையில் போனோடு ஜீப்பைச் சூழ்ந்தார்கள். தூக்கிக் காட்டச் சொன்னார்கள். ஊர்ப் பையன்கள் அதற்குள் பின்னால் மூட்டை ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள்.

"ஒரே சுத்து, நூபியா. ஆக்சில் தாங்குதான்னு பாக்க வேணாமா?" என்றான் ஆர்செசியோ என்னிடம்.

"காலையில காப்பி ஏத்தணும்டா!" கதவைப் பிடித்துக்கொண்டேன். "அண்ணே, நீயாவது சொல்லேன்."

லிபார்தோ கையைத் துணியில் துடைத்தான். என்னைப் பார்க்கவில்லை.

"ரொம்பத் தூக்காத மச்சான்," என்றான். அவ்வளவுதான்.

ஆர்செசியோ என் விரல்களை ஒவ்வொன்றாகக் கதவிலிருந்து பிரித்தான், சிரித்துக்கொண்டே.

முன்பக்கம் எழுந்தது. வண்டி வட்டமடித்தது. அவன் இறங்கித் தொப்பியைச் சுழற்றி ஆடினான். கிரீஸ் போகாத கைகளால் என் அண்ணனும் தட்டினான்.

"பாத்தியா தங்கச்சி, என் ஆக்சில் எப்படித் தாங்குது!"

நான் குனிந்து பின் சக்கரத்தின் பக்கம் காதைக் கொடுத்தபடி நின்றேன். இரண்டாவது சுற்று தொடங்கியது.