ஸ்தோத்திரக் கவர்

கண்ணாடியை மறந்து வந்ததுதான் அன்பரசி செய்த முதல் கூத்து. படாளத்திலிருந்து இரண்டு பஸ் மாறி மாமல்லபுரம் வந்து, மகன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து வெள்ளைக் கவரை எடுத்த பிறகுதான் கண்ணாடி முகத்தில் இல்லை என்பதே தெரிந்தது. மகன் வீடு என்று பேர்தான். அவன் இங்கே குடிவந்த நான்கு வருஷத்தில் அவள் படியேறுவது இதுதான் முதல் தடவை. வீட்டில் இரண்டு பேர். ஹோட்டலில் சமையல் வேலை பார்க்கும் அவள் பிள்ளை ஜான்சன். அவனோடு வாழும் தமிழ்வாணன், அணுபுரத்தில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிறவன். சிநேகிதன், சிநேகிதன் என்று ஊரில் சொல்லிச் சொல்லியே அவள் மூன்று வருஷம் ஓட்டினாள். போன வருஷம் ஜான்சனே உடைத்துச் சொல்லிவிட்டான். "சிநேகிதன் இல்லமா. நீயும் அப்பாவும் மாதிரி." அன்றைக்கு முழுக்க அவள் அடுப்புப் பற்ற வைக்கவில்லை.

இந்த மாதிரி விஷயத்துக்குக் கால் முளைக்கச் சொல்லித்தர வேண்டுமா? படாளத்துச் சபைக்குப் போயிற்று. கமிட்டி கூடிற்று. ஜான்சன் இனிமேல் பாடகர் குழுவில் நிற்கக் கூடாது என்று முடிவாயிற்று. அதை வாசலுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொல்லிவிட்டுப் போனவர் செயலாளர் ராஜேந்திரன். அதற்கப்புறம் ஜான்சன் சபைக் கோயில் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

அந்தச் சபையில் ஒரு வழக்கம். வாரத்துக்குள் பிறந்தநாளோ கல்யாண நாளோ வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை பீடத்துக்கு முன்னால் போய் நிற்பார்கள். ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர்மேல் பேரும் காரணமும் எழுதியிருக்கும். செயலாளர் அதை மைக்கில் படிப்பார். போதகரை அங்கே ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் அந்தப் பேரைச் சொல்லி ஜெபம் பண்ணுவார். ஜான்சனின் ஒரு வயதிலிருந்து இருபத்தெட்டு வரைக்கும் அன்பரசி தவறாமல் நின்றிருக்கிறாள், புருஷன் செத்த வருஷம்கூட. இருபத்தொன்பதுக்கு நிற்கவில்லை, வெட்கம். நாளைக்கு முப்பது. இதையும் விட்டால், பெற்ற பிள்ளையைத் தானே கடவுளிடமிருந்து ஒளித்துவைத்தது போல் ஆகிவிடும் என்று அவளுக்குப் பட்டது. அந்த ஒரு நினைப்புதான் அவளை இரண்டு பஸ் ஏற்றியது.

"நீயும் வாடா நைனா. சும்மா பக்கத்துல நின்னா போதும்."

"நா வர்லமா. என்ன மட்டும் உள்ள கூப்புடுவாங்க, இவன வெளிய நிக்க வெப்பாங்க. எதுக்கு பேஜாரு?"

"அப்ப நா மட்டும் நின்னுக்கறேன். கவரு மேல எழுதியாச்சும் குடு."

ஜான்சன் எழுந்து மீன் குழம்பைப் பார்க்கப் போய்விட்டான். கோபம் வந்தால் அவனுக்கு அடுப்படிதான் கதி. தமிழ்வாணன் பேனாவோடு தயங்கித் தயங்கி வந்தான்.

"நா எழுதவாமா? இதெல்லாம் எப்டி எழுதுறதுன்னு தெரியாது, நீங்க சொல்லுங்க."

"அதுல இன்னா கீது. உங்க கோயில்ல எழுதிக் குடுப்பீங்க இல்ல, அதே மாதிரிதான்."

பேச்சை முடிக்கத்தான் அப்படிச் சொன்னாள். அவன் சிரித்தான். "எங்க ஊர்ல என்னிய எழுதி மூணு வருசம் ஆவுதுமா. எம் பேர்ல அர்ச்சன பண்ணக் கூடாதுன்னு எங்க அப்பா பூசாரிகிட்ட சொல்லிட்டாரு."

அவன் அப்பா அச்சரப்பாக்கத்து ராஜாராம். அவளுக்கு முன்பின் தெரியாத மனிதர். அங்கே குலதெய்வம், இங்கே கர்த்தர். வாசலில் நின்று மறிக்கிற மனுஷர்கள் மட்டும் ஒரே அச்சு என்று நினைத்துக்கொண்டாள். தமிழ்வாணன் செல்லில் எதையோ தேடிப் பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, நிறுத்தி நிதானமாக எழுதினான். ஒரு பேர் எழுத இவ்வளவு நேரமா என்று இருந்தது அவளுக்கு.

மறுநாள் காலை இருவரும் அவளைக் காரில் கொண்டுவந்து கோயில் வாசலில் இறக்கிவிட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டார்கள்.

பீடத்துக்கு முன்னால் அன்றைக்கு நான்கு பேர். அன்பரசிக்குப் பின்னால் ராஜேந்திரனின் மனைவி வரலட்சுமி பட்டுப்புடவையில் நின்றாள். அவர்களுக்கு இருபத்தைந்தாவது கல்யாண நாள். புருஷன் மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்ததால் தனியாக நின்றாள். ராஜேந்திரன் அன்பரசியின் கவரை வாங்கிப் படிக்க ஆரம்பித்தார்.

"ஜான்சன்… சுவாதி நட்சத்திரம், துலா ராசி." வாலிபர் பெஞ்சில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். படித்த வேகம், நிறுத்தவும் அவரால் முடியவில்லை. "தமிழ்வாணன், மகம் நட்சத்திரம், சிம்ம ராசி. குடும்ப க்ஷேமம், ஆயுள் ஆரோக்கியம் வேண்டி…"

கோயில் முழுக்கச் சிரிப்பு. பிறகு அந்த இரண்டாவது பேர் யாருடையது என்று ஒவ்வொருவருக்கும் உறைக்க, சிரிப்பு அடங்கிப் போயிற்று. அன்பரசி முந்தானையை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள். அடப்பாவி, அதே மாதிரி என்றால் ராசி வரைக்குமா எழுதுவான்!

ராஜேந்திரன் மைக்கைக் கையால் மூடினார். குரல் தணிவாகத்தான் இருந்தது. "அன்பரசிக்கா, யாரோ தெரியாம எழுதிட்டாங்க போல. ஜான்சன மட்டும் வெச்சிக்கலாம். அந்தப் பேர வுட்டுடலாம், இன்னா?"

தலையை ஆட்டினால் போதும். அவள் எதற்காக வந்தாளோ அது கிடைத்துவிடும். ஆட்டத்தான் போனாள். அதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதிய அந்த முகம் கண்முன் வந்து நின்றது. விளையாட்டுக்கா எழுதினான்? மூன்று வருஷமாக எந்தச் சாமி முன்னாலும் சொல்லாத பேர். எழுது என்று ஒருத்தி சொன்னதும் பிள்ளை ஆசையாக எழுதிவிட்டிருக்கிறான்.

"நட்சத்திரத்த வுட்டுடுங்க தம்பி, அது நமக்கு வாணாம். பேரு ரெண்டும் சரிதான்."

ஐயர் ஒரு படி இறங்கி வந்தார். "அம்மா, வேதம் என்ன சொல்லுதுன்னு உங்களுக்கே தெரியும்."

"தெரியும் ஐயரே. கண்ணாலம் பண்ணி வைங்கன்னு நா கேக்கல. போன மழைக்கு எம் புள்ள டெங்குல கெடந்தான். நா வீம்பு புடிச்சிகினு போய்ப் பாக்கல. பதினோரு நாளு ராவும் பகலும் பாத்துகினது அந்தப் புள்ளதான். இன்னிக்கு இவனுக்கு முப்பது வயசு ஆவுதுன்னா சும்மாவா? நன்றி சொல்றதுக்குன்னு வந்துட்டு, அவன் பேர மட்டும் எப்டி முழுங்குறது?"

சொல்லி முடித்த பிறகுதான், போய்ப் பார்க்காததை ஊர் முன்னால் ஒப்புக்கொண்டது அவளுக்கே தெரிந்தது. முகம் சுட்டது. ஐயர் கண்ணை மூடிக்கொண்டார். "கர்த்தாவே, இந்தத் தாயையும், மகன் ஜான்சனையும், அவர்கள் வீட்டார் அனைவரையும் உம் சமுகத்தில் ஒப்புக்கொடுக்கிறோம். ஆமென்." நல்ல கெட்டிக்காரர்தான், அந்தப் பேரைச் சொல்லாமலே தாண்டிவிட்டார். சபையும் அப்பாடா என்று ஆமென் சொல்லிற்று. அடுத்தவங்க வரலாம் என்றார் ராஜேந்திரன்.

அன்பரசி நகரவில்லை. சண்டை போடவும் இல்லை, அழவும் இல்லை, கையைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றாள். பின்னாலிருந்து வரலட்சுமி தோளில் கை வைத்தாள். தள்ளிவிடத்தான் வைக்கிறாள் என்று அன்பரசி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"இன்னாங்க, அந்தக் கவர ஐயருகிட்டயே குடுங்க," என்றாள் வரலட்சுமி புருஷனைப் பார்த்து. "அவரே இன்னொரு வாட்டி படிக்கட்டும். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

இருபத்தைந்து வருஷத்தில் அந்தக் குரலை ராஜேந்திரன் எதிர்த்துப் பேசியதாக ஊரில் யாரும் சொன்னதில்லை. கொடுத்துவிட்டார்.

ஐயர் கவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஜான்சன்," என்றார் மைக்கில். மூச்சு விட்டுக்கொண்டு, "தமிழ்வாணன்," என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. ஆசீர்வாதமும் இல்லை, கண்டிப்பும் இல்லை. மெதுவாகத்தான் சொன்னார், கூரைமேல் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய்க்கு மெதுவாகச் சொல்லத் தெரியாதே.

பக்கவாட்டுக் கதவு திறந்திருந்தது. டீக்கடையில் தமிழ்வாணன் அண்ணாந்து குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜான்சன் எழுந்து நின்றிருந்தான். ஜான்சன் ஏதோ சொல்ல, தமிழ்வாணன் சட்டையை இழுத்துவிட்டுக்கொள்ள, இருவரும் ரோட்டோரத்துக்கு வந்தார்கள். கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று இரண்டு டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஆடி அசைந்து வந்து அவர்களை மறைத்தது. அது போய்த் தொலைய எவ்வளவு நேரம் எடுத்தது! போனதும் அன்பரசி எட்டிப் பார்த்தாள். இருவரும் அங்கேயேதான் நின்றிருந்தார்கள், அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வண்டி வருகிறதா என்று பார்த்தபடி, ஒரு கால் தார்மேல் வைத்து.